ஆட்டிசம் உள்ள பிள்ளையோட நெல்லையிலருந்து திருவனந்தபுரத்துக்கு வீடு மாறப் போறீங்களா? எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசியா செய்யணும்

எங்க வீட்டுக்காரருக்கு வேலை திருவனந்தபுரத்துக்கு மாறினப்போ மகனுக்கு 7 வயசு. பேச்சு ரொம்பக் கொஞ்சம், பாளையங்கோட்டைல ஸ்கூலும் தெரபியும் அப்பதான் ஒருமாதிரி செட்டாகி இருந்துச்சு. லாரி எங்க பிடிக்கணும், வீடு எந்த ஏரியால பாக்கணும்னு சொல்ல நெறைய பேரு இருந்தாங்க, இப்படி ஒரு பிள்ளையக் கூட்டிட்டு மாநிலம் விட்டு மாநிலம் மாறுறது எப்படின்னு சொல்லத்தான் ஆளு இல்ல. ஒவ்வொரு ஆபிஸா அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை இங்க வரிசையா எழுதுதேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து கேரளா போறவங்களுக்கு அப்படியே ஆகும், பெங்களூரு, ஹைதராபாத் போறவங்களுக்கும் முதல் பாதி பொருந்தும்.

எல்லாரும் முதல்ல வீடு பாப்பாங்க, பொறவு ஸ்கூலு, அதுக்குப் பொறவு டாக்டரு, சர்டிபிகேட் எல்லாம் போய்ப் பாத்துக்கலாம்னு விட்ருவாங்க. நம்ம பிள்ளைகளுக்கு இதைத் தலைகீழா செய்யுங்க. பேப்பர் முதல்ல, தெரபி ரெண்டாவது, ஸ்கூல் மூணாவது, வீடு கடைசி.

1. எப்ப மாறுறது

மே மாசம் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாறிடணும், அதுக்கு ஜனவரியிலயே வேலையை ஆரம்பிக்கணும். இங்க பரீட்சை ஏப்ரல்ல முடியும், கேரளால ஸ்கூல் ஜூன் முதல் வாரம் திறந்திருவாங்க, அதே வாரந்தான் அங்க மழையும் இறங்கும். புது வீடு, புது ஸ்கூல், விடாத மழை மூணும் ஒரே நேரத்துல பிள்ளை தலைல விழக்கூடாது. வீட்டுக்குப் பழக மூணு வாரமாவது வேணும், அதுக்குத்தான் மே மாசம்.

கம்பெனில உடனே வந்து சேருன்னு சொன்னா அப்பா மட்டும் முன்னாடி போயி ரூம் எடுத்து இருக்கட்டும். நெல்லையிலருந்து 150 கிலோமீட்டர் சுமாருதான், வாரக்கடைசி வந்துட்டுப் போகலாம். நடு வருசத்துல பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போறது வேண்டாம், ரொம்ப வேற வழி இல்லன்னா மட்டும்.

பிள்ளைக்கு ஊரைக் காட்டக் கூட்டிட்டுப் போறப்ப ஆற்றுக்கால் பொங்கல் வாரத்தைத் தவிர்த்திருங்க. பிப்ரவரி மார்ச் வாக்குல வரும், ஊர் முழுக்க ரோட்டுல அடுப்பு வச்சுப் பொங்கல் வைப்பாங்க, புகை, கூட்டம், ரோடு அடைப்பு எல்லாம் சேர்ந்து வரும். முதல் தடவை பாக்குற ஊரு அப்படி இருந்தா பிள்ளை மனசுல அதுவே நின்னுரும்.

2. நெல்லையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய பேப்பர்

இதுதான் பெரிய வேலை, நேரமும் இதுக்குத்தான் அதிகம் போகும். ஊரு மாறின பொறவு ஒரு கையெழுத்துக்காக கொக்கிரகுளம் கலெக்டர் ஆபிஸுக்கு லீவு போட்டுட்டு வாரது எவ்வளவு சிரமம்னு போனவங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல யுடிஐடி, அதாவது மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சேர்ந்த 21 வகைல ஒண்ணு, யுடிஐடி இந்தியா முழுக்கச் செல்லும், கேரளால போயி மறுபடியும் மெடிக்கல் போர்டு உக்கார வேண்டியதில்ல. 40 சதவீதத்துக்குக் கீழ வெள்ளை, 40லருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். உங்க அட்டைல மூணு விஷயத்தை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ஒண்ணு, சதவீதம் 40ஓ அதுக்கு மேலயோ இருக்கா, பெரும்பாலான சலுகைக்கு அதுதான் எல்லை. ரெண்டு, செல்லுபடி தேதி, சின்னப் பிள்ளைகளுக்கு பெரும்பாலும் தற்காலிகமாத்தான் கொடுப்பாங்க, மாறுற வருசத்துலயே முடியுதுன்னா இங்கயே புதுப்பிச்சுட்டுப் போங்க. மூணு, பேரு எழுத்துக்கு எழுத்து ஆதாரோட ஒத்துப்போகுதா.

இன்னும் யுடிஐடியே எடுக்கலன்னா ஜனவரிக்கும் முன்னாடி ஆரம்பிக்கணும். ஆன்லைன்ல ஸ்வாவலம்பன் போர்ட்டல்ல போடணும், பொறவு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரில பரிசோதனை. ஐஎஸ்ஏஏன்னு 40 கேள்வி உள்ள ஒரு அளவுகோல் வச்சுத்தான் ஆட்டிசத்துக்கு மதிப்பெண் போடுவாங்க, 70ஓ அதுக்கு மேலயோ வந்தாத்தான் ஆட்டிசம்னு கணக்கு. 2024ல விதியைத் திருத்தினதுல சர்டிபிகேட் கொடுக்க 3 மாசம் வரைக்கும் அவகாசம் இருக்கு, அதனால அடுத்த வாரம் கிடைச்சிரும்னு நம்பி லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துராதீங்க. பரிசோதனைக்குப் போற அன்னைக்கு பிள்ளைக்குப் பிடிச்ச தின்பண்டம், ஹெட்போன், ஒரு பொம்மை கண்டிப்பா இருக்கட்டும், காத்திருக்கிற நேரம் ரொம்ப நீளும்.

அந்த ஐஎஸ்ஏஏ ரிப்போர்ட், ஐக்யூ, விஎஸ்எம்எஸ் (வயசுக்கேத்த சமூகப் பழக்கத்தை அளக்கிற சோதனை) ரிப்போர்ட் எல்லாத்துக்கும் தனியா காப்பி கேட்டு வாங்குங்க. சர்டிபிகேட் மட்டும் போதும்னு இங்க சொல்லுவாங்க, அங்க புது டாக்டரும் ஸ்கூலும் மதிப்பெண் எவ்வளவுன்னுதான் முதல்ல கேக்காங்க.

தென்காசி மாவட்டத்துக்காரங்க இதைக் கவனிங்க. 2019 நவம்பர்ல மாவட்டம் பிரிஞ்சது, அதுக்கு முன்னாடி எடுத்த பேப்பர்ல திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கும், பின்னாடி எடுத்ததுல தென்காசின்னு இருக்கும். சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டைக் குடும்பங்கள் பலருக்கும் ஆதார் ஒண்ணு, யுடிஐடி ஒண்ணுன்னு நிக்குது. நமக்கு இது ஒண்ணும் பெருசாத் தெரியாது, வெளிமாநில ஆபிஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவருக்கு ரெண்டும் வேற வேற ஆளு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணாக்கிக்கிடுங்க.

இனிஷியல் தொல்லை இதைவிடப் பெருசு. நம்ம ஊர்ல எஸ்.முத்துக்குமார்னு எழுதுறோம், ஆதார்ல முத்துக்குமார் எஸ், பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு முத்துக்குமார் சுப்பையா. பிள்ளைக்கு பிறப்புச் சான்று, ஆதார், யுடிஐடி, ஸ்கூல் ரெக்கார்டு நாலுலயும் ஒரே மாதிரி எழுத வச்சிருங்க. பிறப்புச் சான்று பழசா தமிழ்ல மட்டும் இருந்தா இங்கிலீஷும் உள்ளதா வாங்கிக்கிடுங்க. சாதிச் சான்று, டிசி எல்லாத்துக்கும் இதேதான்.

ஆதார்ல 5 வயசுலயும் 15 வயசுலயும் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்கணும். உங்க பிள்ளைக்கு அந்த வயசு வருதுன்னா நெல்லையிலயே முடிங்க. நம்ம பிள்ளைகள் அந்தக் கண் மெஷினை மூஞ்சிகிட்ட கொண்டுவந்தாலே எந்திரிச்சு ஓடும், தெரிஞ்ச இடத்துல காலைல கூட்டம் இல்லாத நேரம் போனா ரெண்டு தடவை முயற்சி பண்ணவாவது விடுவாங்க.

அப்புறம் தெரபி ரிப்போர்ட். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒவ்வொருத்தர்ட்டயும் தனித்தனியா லெட்டர்பேடுல கேளுங்க, என்ன இலக்கு வச்சு செய்தாங்க, எது வந்துச்சு, எது வரல, எதுக்குப் பயப்படுவான், எது கொடுத்தா அமைதியாவான். எழுதித் தர ஒரு மாசம் கூட இழுக்கும், அவங்களுக்கும் வேலை கெடக்கு, அதனால முன்னாடியே சொல்லி வைங்க. டிஇஐசியிலயோ (சின்னப் பிள்ளைகளுக்கான அரசு ஆரம்பப் பயிற்சி மையம்) ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துலயோ சின்ன வயசுல பயிற்சி எடுத்திருந்தா அந்தப் பழைய பேப்பரையும் எடுங்க. கூடவே பிள்ளை தெரபில உக்காந்திருக்கிற வீடியோ நாலஞ்சு நிமிசத்துக்கு போன்ல எடுத்து வைங்க. புது இடத்துல முதல் மாசம் பிள்ளை எதையும் செய்து காட்டாது, இவனுக்கு இது தெரியும்னு நம்ம வாயால சொன்னா நம்புறது கஷ்டம், வீடியோ காட்டினா நம்புவாங்க.

மருந்து எடுக்கிற பிள்ளைன்னா டாக்டர்ட்ட சமீபத்துத் தேதி போட்ட சீட்டு, மருந்தோட கெமிக்கல் பேரு எழுதினதா வாங்குங்க, ரெண்டு மாசத்துக்கு மருந்தும் கையில இருக்கட்டும். ரிஸ்பெரிடோன், வலிப்பு மருந்து மாதிரி உள்ளதை எல்லாம் சீட்டு இல்லாம தரமாட்டாங்க, திடீர்னு நிப்பாட்டவும் கூடாது.

நிராமயா இன்சூரன்ஸ் இருக்கிறவங்க: அது மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் திட்டம், ஊரு மாறினாலும் கூடவே வரும். வருசத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவும் அதுக்குள்ள வரும். புதுசா சேர 500 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 250. மார்ச் 31ல முடியும், நம்ம மாறுறது மே, அதனால கட்டிட்டோமான்னு பாத்துக்கிடுங்க. இல்லாதவங்க இப்பவே சேருங்க, வேற எந்த இன்சூரன்ஸும் இந்த விலைக்கு தெரபிக்குக் காசு தராது.

வருமான வரி பழைய முறைல கட்டுறவங்களுக்கு பிள்ளை பேருல 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதம்னா 1,25,000. அதுக்குன்னு உள்ள ஃபார்ம்ல அரசு டாக்டர் கையெழுத்து வேணும், அதையும் தெரிஞ்ச ஆஸ்பத்திரிலயே முடிச்சிட்டுப் போங்க.

எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போன்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, ஜெராக்ஸ் மூணு செட்டு. ஒரிஜினல் ஃபைல் லாரில போகக்கூடாது, உங்க மடியில போகணும்.

3. இங்க வாங்குற உதவித்தொகை, ரேஷன் கார்டு

தமிழ்நாட்டு பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய் வாங்குறீங்கன்னா அது இந்த மாநிலத்துல இருக்கிறவங்களுக்குத்தான். நிரந்தரமா போறோம்னா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல எழுதிக் கொடுத்து நிறுத்திட்டு, கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்கிக்கிடுங்க. சொல்லாம வாங்கிக்கிட்டே இருந்தா பின்னாடி திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க, அங்க புதுசா விண்ணப்பம் போடுறப்பவும் இடிக்கும்.

ரேஷன் கார்டை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்காதீங்க. ஒரே நாடு ஒரே ரேஷன்ல மத்திய அரசு அரிசி வாங்குற கார்டா இருந்தா கேரளாலயும் வாங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்தக் கார்டோட ஒட்டினது, கார்டு போனா அதுவும் போச்சு. அங்க வேலை, ஸ்கூல் ரெண்டும் நிலைச்ச பொறவு ஒப்படைச்சுச் சான்று வாங்கினாப் போதும்.

4. அங்க டாக்டரும் தெரபியும்

திருவனந்தபுரத்துல நமக்கு வேண்டியது நெறைய இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆக்குளத்துல நிஷ் இருக்கு, பேச்சு, கேட்டல், ஆட்டிசம் எல்லாத்துக்கும் பாக்காங்க. மெடிக்கல் காலேஜ் வளாகத்துல சைல்டு டெவலப்மென்ட் சென்டர் இருக்கு, சிடிசின்னு சொன்னா ஆட்டோக்காரருக்கே தெரியும். ரெண்டுலயும் முன்பதிவு பண்ணிட்டுத்தான் போகணும், காத்திருப்பும் உண்டு. அதனால வீடு மாறுறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பதிவு பண்ணி, நெல்லையிலருந்தே ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்திருங்க. மாறின பொறவு பிள்ளை ராத்திரி தூங்காம அழுதா கூப்பிட்டுக் கேக்க ஒரு டாக்டர் ஏற்கனவே இருப்பாரு, அந்தத் தெம்பு சாதாரணமில்ல.

தினப்படி தெரபிக்கு வீட்டுப் பக்கத்துல தனியார் சென்டர்தான் பாக்கணும். நாங்க விசாரிச்சதுல ஒரு செஷன் 400லருந்து 1,000 ரூபாய் வரை இருந்துச்சு, மாசத்துக்கு மொத்தமாக் கட்டினாக் கொஞ்சம் குறைப்பாங்க. மொத்தமாக் கட்டாதீங்க, முதல் மாசம் செஷனுக்குச் செஷன் கட்டுங்க. பேச்சுப் பயிற்சியாளர், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூணு பேருக்கும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் இருக்கணும், கேட்டா சொல்லணும், ஆர்சிஐ இணையதளத்துல போட்டுப் பாக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆர்சிஐல வரமாட்டாங்க, அவங்ககிட்ட படிச்ச டிகிரியைக் கேளுங்க. கதவைச் சாத்திட்டு பெத்தவங்களை உள்ள விடவே மாட்டோம்னு சொல்ற சென்டரு எவ்வளவு பேரெடுத்ததா இருந்தாலும் வேண்டாம். எங்க பையனுக்குப் பாத்த ஒரு இடத்துல அப்படிச் சொன்னாங்க, அன்னைக்கே திரும்பிட்டோம்.

இன்னொரு கண்ணி இருக்கு. புது ஊரு, மனசு தளர்ந்திருக்கிற நேரம், ஆட்டிசத்தையே குணமாக்கிருவோம்னு தங்க வச்சு எண்ணெய் வைத்தியம், ஸ்டெம் செல்லுன்னு லட்சக்கணக்குல பேக்கேஜ் சொல்லிட்டு வருவாங்க. ஸ்டெம் செல் ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கக்கூடியது இல்லன்னு தேசிய மருத்துவ ஆணையத்தோட குழு 2022லயே சொல்லிருச்சு. அந்தக் காசு பிள்ளையோட மூணு வருசத் தெரபிக்கு ஆகும்.

மொழியைப் பத்தி எல்லாருக்கும் பயம் இருக்கு. தெரபிஸ்ட் மலையாளத்துல பேசுவாங்க, சிலரு வீட்டுல தமிழை விட்டுட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்லுவாங்க. விடாதீங்க. ரெண்டு மொழி கேக்குறதால ஆட்டிசம் பிள்ளைக்குப் பேச்சு கெட்டுப்போறதில்லன்னு ஆய்வுகள்லயே இருக்கு. ஆச்சி போன்ல பேசுறது, நம்ம அதட்டுறது கொஞ்சுறது எல்லாமே தமிழ்ல இருக்கிறப்போ பிள்ளைகிட்ட மட்டும் இங்கிலீஷ் பேசினா அது வீட்டுல தனியாளா ஆயிரும். பிள்ளை தினமும் புரிஞ்சுக்கிற முப்பது நாப்பது தமிழ் வார்த்தையை, தண்ணி, வேண்டாம், போதும், ஒண்ணுக்கு, வலிக்குது, ஆச்சின்னு மலையாள எழுத்துலயோ இங்கிலீஷ் எழுத்துலயோ எழுதி தெரபிஸ்ட், டீச்சர், ஆயாம்மா எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்திருங்க. கேரளாக்காரங்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும், அந்தத் தாளு இருந்தா பிள்ளை கேக்கிறதும் புரியும்.

5. ஸ்கூல்

சட்டத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ உள்ள பிள்ளைக்கு 6லருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலயோ பெத்தவங்க விரும்புற சிறப்புப் பள்ளியிலயோ இலவசக் கல்வி உரிமை, 2016 சட்டம் 31வது பிரிவு. அரசு நடத்துற, அரசு உதவி பெற்ற, அங்கீகாரம் வாங்கின பள்ளிகள் மாற்றுத்திறனைக் காட்டி ஒதுக்கக்கூடாதுன்னு 16வது பிரிவு. இதைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லல, எங்களுக்கு இடமில்லன்னு வாய்வார்த்தையா சொல்றவங்ககிட்ட, அதை எழுத்துல கொடுங்கன்னு அமைதியாக் கேளுங்க, பாதி இடத்துல பேச்சு மாறும்.

தனியார் ஸ்கூல்ல பாக்கிறப்போ ஸ்பெஷல் எஜுகேட்டர் முழுநேரமா வாரத்துல ரெண்டு நாளா, பிள்ளையோட உதவிக்கு ஒருத்தரை வச்சா சம்பளம் யாரு கொடுக்கணும், அழுது அடங்கலன்னா எங்க கூட்டிட்டுப் போவாங்க, இந்த மூணையும் கேளுங்க. நிழலாசிரியர் சம்பளத்தை நம்ம தலைல கட்டுறதுதான் பல இடத்துல நடக்குது, அது ஃபீஸைவிட அதிகமா வரும், முதல்லயே தெரிஞ்சாகணும்.

அரசுப் பள்ளியைக் குறைச்சு நினைக்காதீங்க, இதை அழுத்திச் சொல்லுதேன். கேரளால சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கல்வித் திட்டத்துக்குக் கீழ ஒவ்வொரு பகுதிக்கும் பிஆர்சி (வட்டார வள மையம்) இருக்கு, அங்கருந்து ஸ்பெஷல் எஜுகேட்டர் பள்ளிக்கு வாராங்க. பிள்ளைக்கு ஆதரவு அதிகம் தேவைன்னா பஞ்சாயத்து, நகராட்சி நடத்துற பட்ஸ் ஸ்கூல்னு தனியா இருக்கு. நீங்க பாக்கிற வீடு எந்த பிஆர்சி எல்லைக்குள்ள வருதுன்னு கேட்டு அங்க போய் ஒரு தடவை நேரா பேசிப் பாருங்க.

மலையாளம் 10வது வரை எல்லாப் பள்ளிலயும் படிக்கணும்னு 2017 சட்டம் இருக்கு. சிபிஎஸ்இல சிறப்புத்தேவைப் பிள்ளைகளுக்கு மூணாவது மொழிலருந்து விலக்கு உண்டு, அதைச் சேர்க்கிறப்பவே எழுத்துல கேட்டு வாங்குங்க.

டிசி வாங்குறப்போ பழைய ஸ்கூல்ல ரெண்டு விஷயம் செய்யச் சொல்லுங்க. ஒண்ணு, யுடைஸ்ங்கிற பள்ளி விவர போர்ட்டல்ல பிள்ளையோட பென் நம்பரை (மாணவருக்கான நிரந்தர எண்) விடுவிக்கணும், அவங்க விடுவிக்காட்டி புது ஸ்கூல்ல ஏத்த முடியாது, ஜூன்ல உக்காந்து ரெண்டு ஸ்கூலுக்கும் மாறி மாறி போன் போட வேண்டியிருக்கும். ரெண்டு, சிறப்புத்தேவைக் குழந்தைன்னு அதுல பதிவு இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி அங்க பிஆர்சி உதவி தாமதமாகும். வேற மாநிலம்ங்கிறதால டிசில கல்வி அதிகாரி மேலொப்பம் வேணும்னு சில ஸ்கூல் கேக்கும், ஏப்ரல் முடியுறதுக்குள்ள வாங்கிருங்க, மே மாசம் ஆபிஸ்ல ஆளு பிடிக்கிறது கஷ்டம்.

6. வீடு

கிணறு. வீடு பாக்கப் போறப்ப முதல்ல பாக்க வேண்டியது கிணறு. கேரளால தனி வீடுன்னா முக்காவாசி காம்பவுண்டுக்குள்ள திறந்த கிணறு இருக்கும், கைப்பிடிச் சுவரு இடுப்பளவுதான். நம்ம பிள்ளைகள்ல தண்ணியைத் தேடி ஓடுறது நெறைய, சத்தம் போடாமப் போயிரும், கூப்பிட்டாத் திரும்பாது. இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டு வச்சாத்தான் வீட்டுக்கு அட்வான்ஸ்னு ஹவுஸ் ஓனர்ட்டச் சொல்லிருங்க, செலவை நீங்களே கொடுக்க வேண்டி வந்தாலும் சரி. பக்கத்துல குளம், வாய்க்கால், பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கான்னும் நடந்து பாருங்க. கேட்டுக்கு மேல் பக்கம் தாழ்ப்பா, பால்கனிக்கு கிரில். ஃபிளாட்டுன்னா கீழ்த்தளம் இல்லாட்டி முழு கிரில் போட்டது.

சத்தம் அடுத்தது. கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ ரொம்பப் பக்கம் வேண்டாம், திருவிழா வெடியும் செண்டையும் நம்ம ஊரு கொட்டுமேளத்தைவிட பலம். தகரக் கூரை போட்ட மேல்மாடி வேண்டவே வேண்டாம், மழை அடிக்கிற சத்தம் பேச விடாது.

ஸ்ரீகார்யம், கழக்கூட்டம் பக்கம் நாங்க பாத்தப்போ ரெண்டு படுக்கையறை வீடு 12,000லருந்து 20,000 வரை சொன்னாங்க, அட்வான்ஸ் மூணு மாசத்துக்கு மேல, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. பிள்ளையைப் பத்தி ஹவுஸ் ஓனர்ட்ட முன்னாடியே சொல்லிருங்க. மறைச்சு வச்சுப் போனா ரெண்டாவது மாசம் காலி பண்ணச் சொல்லுவாங்க, அதுக்கு ரெண்டு வீடு தட்டிப்போனாலும் பரவாயில்ல.

7. பிள்ளையைத் தயார் பண்றது

புது வீட்டு வாசல், அவன் படுக்கப் போற ரூம், பாத்ரூம், ஸ்கூல் கேட்டு, தெரபி சென்டர் கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்து சின்ன ஆல்பமா பிரிண்ட் போட்டு தினமும் ராத்திரி காட்டுங்க. காலண்டர்ல போற தேதியை வட்டம் போட்டு ஒவ்வொரு நாளா அவனையே அடிக்க வைங்க. முடிஞ்சா ஒரு வாரக்கடைசி அந்த வீட்டுல பாய் விரிச்சுப் படுத்துட்டு வாங்க.

சாப்பாட்டை யாரும் யோசிக்கிறதில்ல. தாமிரபரணித் தண்ணில வளர்ந்த பிள்ளை, அங்க தண்ணி ருசியே வேற. ஹோட்டல்ல மட்டை அரிசி. ஆவின் பாக்கெட்டு மட்டும் பாத்துப் பழகின பிள்ளைக்கு மில்மா பாக்கெட்டு நீட்டினா தயிரையே தொடாது. மாறுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போறவங்க யார்ட்டயாவது சொல்லி மில்மா காலி கவரு, அங்க கிடைக்கிற பிஸ்கட் எல்லாம் கொண்டுவந்து வீட்டுல வச்சுப் பழக்குங்க. இங்கருந்து போறப்போ இட்லி அரிசி, பொன்னி அரிசி, வீட்டு சாம்பார்ப் பொடி மூணு மாசத்துக்குக் கொண்டு போங்க. முதல் மாசம் புதுச் சாப்பாடு ஒண்ணும் முயற்சி பண்ண வேண்டாம், தின்னாப் போதும்.

8. போற நாள்

அவன் ரூம் சாமானைக் கடைசியா ஏத்துங்க, அங்க முதல்ல இறக்குங்க. போர்வை, தலையணை உறையைத் துவைக்காதீங்க, அந்த வாசனை வேணும். லாரி ஏத்துற அன்னைக்கு பிள்ளை வீட்டுலயே இருக்க வேண்டாம், ஆச்சி வீட்டுலயோ அத்தை வீட்டுலயோ விட்டுட்டு, அங்க ஒருத்தர் போய்க் கட்டில் போட்டு ஃபேன் மாட்டி ரூமைப் பழைய மாதிரி ஆக்கின பொறவு கூட்டிட்டுப் போங்க.

சின்ன லாரிக்கு ஏத்துகூலியோட 15,000லருந்து 25,000 ஆகும். அங்க இறக்குறதுக்கு சுமட்டுத் தொழிலாளிங்ககிட்ட கூலியை முந்தின நாளே பேசிருங்க. வேலை செய்யாம கேக்கிற நோக்குக்கூலிய கேரள அரசு 2018லயே தடை பண்ணிருச்சு. எப்படியும் வாசல்ல சத்தம் வரும், அந்த நேரம் பிள்ளை அங்க நிக்கக்கூடாது.

கார்ல போறதுதான் நல்லது. நாகர்கோவில் வரைக்கும் விறுவிறுன்னு போயிரலாம், அதுக்குப் பொறவு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரைன்னு ஊருக்குள்ளயே பைய போகும், மொத்தம் நாலு மணி நேரம் வச்சுக்கிடுங்க. ஆரல்வாய்மொழிகிட்ட காத்தாடி வரிசையா சுத்துற இடத்துல நிப்பாட்டுங்க, சுத்துறதைப் பாக்கப் பிடிச்ச பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, எங்க பையன் அங்கருந்து கிளம்ப மனசில்லாம நின்னான். ரயில்னா அனந்தபுரி இருக்கு. சலுகை டிக்கெட்டுல ஒரு சிக்கல், ரயில்வே பட்டியல்ல துணையில்லாமப் போக முடியாத அறிவுசார் குறைபாடுன்னுதான் பிரிவு, ஆட்டிசம்னு தனியா இல்ல. சர்டிபிகேட்ல ரெண்டும் இருக்கிற பிள்ளைக்கு ரயில்வே ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து வாங்கி ரயில்வே அடையாள அட்டை எடுத்து வைங்க, ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசிலயும் பிள்ளைக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் 75 சதவீதம் குறையும். ஊருக்கு வந்துபோக ஆகும்.

9. போய்ச் சேர்ந்த முதல் மாசம்

முதல் வாரம் ஆபிஸ் வேலை எதுவும் வச்சுக்காதீங்க, பிள்ளைகூட இருங்க. தூக்கம் கெடும், விட்டுப்போன பழக்கம் திரும்ப வரும், பாத்ரூம் பழகின பிள்ளை கூட மறந்துபோகும். வரும்னு தெரிஞ்சிருந்தா பதறமாட்டீங்க, பெரும்பாலும் பைய அடங்கும். தூக்கமும் சாப்பாடும் ரெண்டு மூணு வாரம் தாண்டியும் திரும்பலன்னா பதிவு பண்ணின டாக்டர்ட்டப் போயிருங்க.

அக்கம்பக்கம் நாலு வீட்டுக்கும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, இவன் தனியா கேட்டைத் தாண்டி வந்தா பிடிச்சு வச்சு இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லி ஒரு சீட்டு கொடுங்க. முக்குக்கடை, ஆட்டோ ஸ்டாண்டுலயும் அதே மாதிரி. பிள்ளை கையில பேரும் போன் நம்பரும் எழுதின பட்டை. காணோம்னா நாமளே தேடிட்டு இருக்காம உடனே போலீஸுக்கு 112, கூடவே குழந்தைகள் உதவி எண் 1098.

பொறவு பேப்பர். வாடகை ஒப்பந்தத்தை வச்சு முதல்ல அப்பா ஆதார்ல அட்ரஸ் மாத்துங்க, அதுக்கப்புறம் குடும்பத் தலைவர் முறைல பிள்ளைக்கு மாத்திரலாம், தனியா அட்ரஸ் ஆவணம் கேக்கமாட்டாங்க, உறவைக் காட்டுற சான்று போதும். ஆதார் மாறினதும் யுடிஐடி போர்ட்டல்ல அட்ரஸ். நம்ம ஊரு இ-சேவை மாதிரி அங்க அக்ஷயா சென்டர், விண்ணப்பம் எல்லாம் அங்கதான், வருமானச் சான்றும் வசிப்பிடச் சான்றும் வில்லேஜ் ஆபிஸ்லருந்து வரும். ஆஸ்வாசகிரணம்னு பிள்ளையைப் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் 600 ரூபாய் திட்டம் இருக்கு, வருமான வரம்பு உண்டு, அங்கன்வாடி டீச்சர்ட்டக் கேளுங்க. வண்டி டிஎன் நம்பரா இருந்தா 12 மாசத்துக்கு மேல அங்க ஓட்டுறதுக்கு மறுபதிவு வேணும், அதுக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) நெல்லை ஆர்டிஓல வாங்கணும்.

பிள்ளைக்கு 17 ஓடுதுன்னா இன்னொரு வேலையும் இருக்கு. 18 முடிஞ்சா பெத்தவங்களே ஆனாலும் சட்டப்படி காப்பாளர்னு ஆகணும், ஆட்டிசத்துக்கு அது நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமைல உள்ள உள்ளூர்க் குழுல கிடைக்கும். எந்த மாவட்டத்துல இருக்கப் போறீங்களோ அங்க போடுங்க, நெல்லைல போட்டுட்டு பாதியில விட்டுட்டுப் போனா அங்க முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

10. கையில எவ்வளவு இருக்கணும்

லாரி, வீட்டு அட்வான்ஸ், புரோக்கர், கிரில், கிணத்து மூடி, முன்னாடி போய்வர பயணம், டாக்டர் பதிவு, ஸ்கூல் சேர்க்கை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாம எடுத்து வைங்க, தனியார் ஸ்கூல்னா அதுக்கும் மேல. அதோட மூணு மாசத் தெரபிக் காசு தனியா. நிராமயாவுல ஒரு பகுதி திரும்ப வரும், ஆனா நம்ம முதல்ல கட்டி பில்லு அனுப்பணும், பில்லுல தெரபிஸ்ட் கையெழுத்து, பதிவெண், தேதி, பிள்ளை பேரு அட்டையில உள்ள மாதிரியே இருக்கணும், இல்லாட்டி திருப்பி அனுப்பிருவாங்க.

நெல்லைத் தெரபிஸ்ட்டை உடனே விட்டுராதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை வீடியோ கால்ல ஒரு ரெண்டு மாசம் பேசச் சொல்லிக் கேளுங்க, காசு கொடுத்தே செய்யுங்க. புதுத் தெரபிஸ்ட்டையும் அந்தக் கால்ல ஒரு நாள் சேத்து ரெண்டு பேரையும் நேரா பேச விட்டுருங்க.